மாமா தட்டிப் பார்த்த ட்ரம்பெட்

எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பாதி ட்ரம்பெட் படங்கள்தான். வாரநாளில் நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்புப் புரட்டுகிறவள். சனிக்கிழமைகளில் மட்டும் நான் படித்த கொட்டாஞ்சேனைப் பாடசாலைக்குப் போய் அங்குள்ள பாண்ட் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கிறேன். அது தெரிந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைகளின் தாய்மார் அத்தனை பேருக்கும் நான் பெரிய வல்லுநர். "மிஸ், இது நல்லதா? பளபள எண்டு இருக்கு" என்று கடைக்குள் நின்றபடியே படம் எடுத்து அனுப்புவார்கள். படத்தில் எல்லா ட்ரம்பெட்டும் நல்லதுதான். கல்யாணப் படத்தில் எல்லா மாப்பிள்ளையும் நல்லவனாகத்தான் தெரிகிறான்.

சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிற மலிவான ட்ரம்பெட்டுகளை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். அவற்றிலும் நல்லது உண்டு, தேடிப் பிடிக்க வேண்டும். பளபளப்பைப் பார்க்காதீர்கள், மேலேயுள்ள மூன்று பொத்தான்களையும் அமத்திப் பாருங்கள். விரலை எடுத்தவுடன் அவை துள்ளி எழும்ப வேண்டும். நேராக அமத்தினால் எல்லாம் எழும்பும், சற்றுச் சரித்து அமத்துங்கள். இழுக்கிற குழாய்கள் கையோடு வருகின்றனவா பாருங்கள். பொத்தானைத் தொடாமல் ஒரு குழாயை உருவினால் 'டப்' என்று சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் காற்று எங்கேயோ ஒழுகுகிறது. ஒட்டு வைத்த இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். கடைசியாக, வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஊதிப் பாருங்கள்.

இவ்வளவும் நான் பிற்காலத்தில் படித்தவை. என்னுடைய முதலாவது ட்ரம்பெட்டை வாங்கிய அன்று நடந்த பரிசோதனை முற்றிலும் வேறு மாதிரியானது. அதை நடத்தியவர் அம்மாவின் தம்பி, என் மாமா.

மாமாவுக்குப் புறக்கோட்டையில் பித்தளைப் பாத்திரக் கடை இருந்தது. குடம், குத்துவிளக்கு, தாம்பாளம், சரவச்சட்டி என்று கடை வாசல்வரை தொங்கும். பித்தளை விஷயத்தில் மாமா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வேறு கடையில் வாங்கிய குடத்தைக்கூட மாமாவிடம் கொண்டு வந்து காட்டிவிட்டுத்தான் பெண்கள் வீட்டுக்குப் போவார்கள். மாமா அதை இடது கையில் தூக்கி, வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். பிறகு "ம்" என்பார், அல்லது உதட்டைப் பிதுக்குவார். மாமா உதட்டைப் பிதுக்கிய குடத்தில் தண்ணீர் எடுக்க எந்த வீட்டிலும் மனம் வராது. எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் கல்யாணச் சீர் வாங்குவதென்றால் தாலிக்கொடிக்கு அடுத்தபடியாக மாமாவுக்குத்தான் நாள் குறிப்பார்கள். மாமாவும் அதை உள்ளூர நன்றாக அனுபவித்தார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். வீடு வெள்ளவத்தையில், பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையில். நடுவில் ஸ்கூல் வானில் தூங்கி வழிகிற ஒரு மணி நேரம். பாண்டில் சேர்ந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னபோது நான் தாளம் தட்டப் போகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டார். நானும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. உண்மையில் பாண்ட் மாஸ்டர் சேர் என் பல்வரிசையையும் உதட்டையும் மாட்டு வியாபாரி மாதிரி உற்றுப் பார்த்துவிட்டு என்னை ட்ரம்பெட் வரிசையில் நிறுத்தியிருந்தார். ஒரு மேல்வகுப்பு அக்காவின் வாத்தியத்தை அவர் ஓய்வெடுக்கும் நேரங்களில் வாங்கி ஊதிப் பழகினேன். முதல் நாள் அதிலிருந்து சத்தம் வந்தபோது நானே திடுக்கிட்டுப் போனேன். என்னிடம் அவ்வளவு பெரிய சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது.

விளையாட்டுப் போட்டி நெருங்கியதும் பள்ளிக்கூடத்து வாத்தியங்கள் எல்லாம் மேல்வகுப்புக்குப் போய்விட்டன. சொந்தமாக ட்ரம்பெட் கொண்டு வருகிறவளுக்கு வரிசையில் இடம், இல்லாவிட்டால் கொடி பிடிக்கலாம் என்று சேர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வரைதான் தவணை. என் வகுப்பில் ஒருத்திக்குக் கனடாவிலிருந்து பெரியப்பா ட்ரம்பெட் அனுப்பியிருந்தார். அவள் என் இடத்துக்கு அப்போதே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டில் விஷயத்தை உடைத்தபோது அம்மா சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினார். நான்கு வயதில் மூச்சிழுப்பு வந்து களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஐஸ்கிறீம் என்ற சொல்லே அடங்கிய குரலில்தான் உச்சரிக்கப்பட்டது. மழை தூறினால் என் சன்னல் சாத்தப்படும். இரவில் நான் புரண்டு படுத்தால் அம்மா எழுந்து வந்து என் முதுகில் காதை வைத்துக் கேட்பார்.

"நெஞ்சில மூச்சு இல்லாம நீலம் பாரிச்சுக் கிடந்தவள், ஊதப் போறாளாம் ஊத!"

அப்பாவைப் பார்த்தேன். அப்பா தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். யாருமே ஆட்டமிழக்காத அந்த நேரத்தில் அவருடைய முகத்தில் அப்படியொரு கவனம் இருந்தது.

இரண்டு நாள் நான் சாப்பாட்டோடு கோபித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அம்மா எதிர்பாராத விதமாக இறங்கி வந்தார். ஒரேயொரு நிபந்தனை. "மாமா வந்து பாக்கட்டும். அவர் பாத்து நல்லது எண்டு சொன்னா வாங்கலாம். இல்லையெண்டா இந்தக் கதையை இத்தோட விட்டுடோணும்." நான் துள்ளிக் குதித்தேன். பித்தளை வாத்தியத்தைப் பித்தளைக் கடைக்காரர் பார்ப்பதைவிட வேறென்ன வேண்டும்? மாமா அந்தச் சனிக்கிழமை கடையை ஆளிடம் விட்டுவிட்டு, ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். பைக்குள் புளியும், ஒரு துண்டுத் துணியும், ஒரு போத்தல் தண்ணீரும் இருந்தன.

கொட்டாஞ்சேனையில் தேவாலயத் திருநாட்களுக்கு ஊதுகிற பாண்ட்காரர்கள் வாங்கும் மாடிக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் ஒரு சிங்களவர், தமிழும் நன்றாகக் கதைப்பார். நானும் மாமாவும் படியேறியதும் பொன்னிறமான ஒரு ட்ரம்பெட்டைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வெல்வெட் துணியில் வைத்தார். எனக்குக் கண் கூசியது. மாமா அதை இடது கையில் தூக்கினார், அதன் அகன்ற வாயில் விரல் முட்டியால் தட்டினார், காதருகே பிடித்துக் கண்ணை மூடினார்.

"தகரம்" என்றார்.

கடைக்காரர் சிரித்தபடி இன்னொன்றை எடுத்தார். மாமா அதைக் கண்ணாடி மேசையில் குடத்தைக் கவிழ்ப்பதுபோல் வாய் கீழேயாகக் கவிழ்த்து வைத்து, உச்சியில் மெல்ல ஒரு தள்ளுத் தள்ளினார். அது இலேசாக ஆடியது. "ஆடுது பாத்தியே? அடி சரியில்லை." ட்ரம்பெட் அடுப்பில் வைக்கிற சாமான் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. ஆனால் மாமாவின் வாயிலிருந்து வரப்போகும் ஒரு "ம்"மில்தானே என் இடம் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது சிவப்புப் பூச்சுப் பூசியது. மாமா பையிலிருந்து புளியை எடுத்து, அடிப்பக்கத்தில் ஒரு மூலையைத் தேய்த்து, துணியால் துடைத்து, மணந்து பார்த்தார். கடைக்காரருடைய சிரிப்பு அத்தோடு நின்றுவிட்டது. கீழே தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் இது தெரிகிறது என்பதுபோல் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "பூச்சைக் கழட்டினா உள்ளுக்க ஒண்டும் இல்லை" என்று மாமா உதட்டைப் பிதுக்கினார். அடுத்தது வளைவில் ஒட்டு தடித்திருக்கிறது என்று போனது. அதற்கடுத்தது பாரம் போதாது என்று போனது. பாரமான ஒன்றைக் கொடுத்தால் பாரம் கூட என்றார். பள்ளிக்கூட வரிசையில் என் இடத்தில் கனடா ட்ரம்பெட்காரி நிற்பது என் கண்ணுக்குள் தெரிய ஆரம்பித்தது. நான் அழவில்லை. மூக்கு மட்டும் ஓடியது.

இனிக் காட்ட ஒன்றுமில்லை என்கிற முகத்தோடு கடைக்காரர் சன்னலோரம் பார்வைக்கு வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்தார். வெயிலில் காய்ந்து அதன் பெட்டித் துணி வெளிறியிருந்தது. பளபளப்பும் மங்கிவிட்டது. மாமா தட்டினார், காதருகே பிடித்தார். கண் மூடியபடி கொஞ்சம் கூடுதலாக நின்றார். மேசையில் கவிழ்த்தார், அது அசையவில்லை. புளி போட்டுத் தேய்த்தார், அடியில் அசல் மஞ்சள் தெரிந்தது. அடுத்து அதை நிமிர்த்திப் பிடித்து, போத்தலைத் திறந்து அதன் வாய்க்குள் தண்ணீரைச் சாய்த்தார். புதுக்குடம் ஒழுகுகிறதா என்று அவர் கடையில் பார்ப்பது அப்படித்தான்.

"அனே மாத்தயா, வதுர தான்ன எபா!" என்று, தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம் என்ற கெஞ்சலோடு கடைக்காரர் மேசையைச் சுற்றி ஓடி வந்தார். அதற்குள் தண்ணீர் உள்ளே போய்விட்டது. எங்கும் கசியவில்லை. மாமா அதைக் கவிழ்த்துக் கொட்டி, துணியால் துடைத்தார். பிறகு, வந்ததிலிருந்து ஒருமுறையும் தொடாத அந்த மூன்று பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அமத்தினார். நடுப்பொத்தானில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"ஊது பாப்பம் பிள்ளை."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். எனக்கு முழுதாகத் தெரிந்தது ஒரேயொரு சுரம்தான், அதற்குப் பொத்தானே தேவையில்லை. வயிற்றிலிருந்து மூச்செடுத்து ஊதினேன். அந்தச் சிறிய கடைக்குள் சத்தம் சுவரெல்லாம் முட்டியது. மாமா பக்கத்தில் வந்து நின்று, சற்றுக் குனிந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"இன்னும் நீட்டி ஊது."

ஊதினேன்.

"விடாமல் ஊது. ஏலுமான மட்டும் ஊது."

கண்ணில் பூச்சி பறக்கும்வரை ஊதினேன். முடித்து நான் மூச்சு வாங்கியபோதும் மாமா நிமிரவில்லை, அப்படியே குனிந்து நின்றார். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, "இதில ஒரு குறையும் இல்லை" என்றார். கடைக்காரர் எங்களை அனுப்பிவிடுகிற மகிழ்ச்சியில் விலையைத் தானே குறைத்தார். வீட்டு வாசலில் வைத்து, "அக்கா, முதல்தரம்" என்று மாமா அறிவித்தார். அம்மா மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். வாங்கிவிட்டோம் என்கிற பரவசத்தில் நான் அந்தப் பார்வைக்கு ஒரு பொருளும் வைத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை சேர் என் ட்ரம்பெட்டை வாங்கி, ஊதுவதற்கு முன்பே, பொத்தான்களை அமத்தினார். முதலாவது எழும்பியது. மூன்றாவதும் எழும்பியது. நடுப்பொத்தான் போனது போனதுதான். சேர் நகத்தால் அதைக் கிளப்பிவிட்டு மறுபடி அமத்தினார். மறுபடியும் கிணற்றில் விழுந்த கல் மாதிரிக் கிடந்தது. கழற்றிப் பார்த்தபோது உள்ளேயிருந்து ஒரு புளித்தும்பு வேறு வந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது யார் பாத்து வாங்கினது?" என்று சேர் கேட்டார். பித்தளைக் கடை வைத்திருக்கிற மாமா என்று நான் சொன்னதும் வரிசை முழுக்கச் சிரித்தது. குழலைச் செய்தபோதே உள்ளே சரியாக இழைக்கவில்லை, புளி பாவம், அதன் மேல் குற்றமில்லை என்றார் சேர். எனக்கு உலகமே இருண்டது.

ஆனால் சேர் நல்ல மனிதர். சொந்த ட்ரம்பெட் என்றுதானே கேட்டேன், நல்ல ட்ரம்பெட் என்று கேட்கவில்லையே என்று சிரித்தார். அந்தப் பொத்தானில் எண்ணெய் போட்டு, அது தானாக எழும்பும்வரை அமத்திக்கொண்டே இருக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை எழும்பினால் இடம் எனக்கு. ஸ்கூல் வானில் அமத்தினேன், இடைவேளையில் அமத்தினேன், சமயப் பாடத்தில் மேசைக்குக் கீழே அமத்தினேன். விரல் நுனி கொப்பளித்தது. வெள்ளிக்கிழமை சேர் அமத்தினார். பொத்தான் சோம்பல் முறித்துக்கொண்டு எழும்புகிறவளைப்போல மெல்ல, ஆனால் முழுதாக எழும்பி வந்தது. விளையாட்டுப் போட்டியில் வரிசையின் கடைசியில் நின்று ஊதினேன். அம்மா பெற்றோர் பந்தலில் என் இன்ஹேலரைக் கைப்பைக்குள் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அதைத் திறக்க வேண்டிய தேவை வரவில்லை.

இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் பரவாத வீடில்லை. ஆயிரம் குடத்தைத் தட்டிப் பார்த்தவர் ஒரு குழலில் கோட்டை விட்டார் என்று கல்யாண வீடுகளில் மாமாவைப் பிடித்து உலுப்பினார்கள். சித்தப்பா ஒருவர், மாமா எந்தச் சாமானை வாங்கினாலும் "நடுப்பொத்தான் எழும்புதா பார்" என்பார். நானும் கூடச் சேர்ந்துதான் சிரித்தேன். மாமா தலையைச் சொறிந்துகொண்டு, "ஓம் ஓம், அண்டைக்குக் காது அடைச்சுப்போச்சு" என்று சொல்லி விட்டுவிடுவார். பித்தளையில் தன் சொல்லுக்கு மறுசொல் பொறுக்காத மனிதர் இதற்கு மட்டும் எப்படி இவ்வளவு இலகுவாகத் தோற்றுப்போகிறார் என்று எனக்கு இலேசான ஆச்சரியம் உண்டு. அதற்கு மேல் யோசித்ததில்லை. எனக்குக் கிடைத்தது என்னவோ பெரிய வாழ்க்கை. பாண்டுக்குத் தலைவியானேன், பிறகு சேருடைய சிபாரிசில் வேறு இடங்களிலும் வாசித்தேன், என் நல்ல சிநேகிதிகள் எல்லாம் அந்த வரிசையில் கிடைத்தவர்கள்தான்.

போன மாதம் ஒரு தாய் கடையிலிருந்து எனக்கு அழைப்பெடுத்தார். ஒரு பொத்தான் கொஞ்சம் ஒட்டுகிறது, வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே வைத்துவிட்டு வாருங்கள் என்று கறாராகச் சொல்லி முடித்தேன். மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த அம்மா அதைக் கேட்டுத் தனக்குள் சிரித்தார்.

"உன்ர மாமாவும் அதைக் கண்டவர்தான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அம்மா பயற்றங்காயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நான்தான் அவரிட்டச் சொல்லி விட்டனான். எதைக் காட்டினாலும் சரியில்லையெண்டு சொல்லிப்போட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா எண்டு. நீ என்னை வெறுக்கக் கூடாது பார், அதுக்குத்தான் அவரை அனுப்பினனான். அவர் என்னடா எண்டா, வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறார்."

"பிறகு?"

"பிறகென்ன, அண்டைக்குப் பின்னேரமே நான் அவரோட சண்டை. நடுப்பொத்தான் எழும்பேல்லை அக்கா, வேண்டாமெண்டு சொல்ல நல்ல சாட்டுக் கிடைச்சது, சொல்லத்தான் வாயெடுத்தனான் எண்டார். அதுக்கு முதல் பிள்ளையை ஒருக்கா ஊதவிட்டுப் பாப்பம் எண்டு நினைச்சாராம்." அம்மா ஒரு பயற்றங்காயைக் கையில் வைத்தபடி நிறுத்தினார். "பொத்தானை ஆரும் திருத்துவினம் அக்கா, பிள்ளையின்ர நெஞ்சில ஒரு இரைச்சலும் இல்லை, நான் கேட்டனான், எண்டு சத்தியம் பண்ணினார். அவற்ர காதை நம்பித்தான் நான் உன்னை விட்டனான்."

மாமா இப்போது கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமையே கிருலப்பனையில் இருக்கிற அவருடைய வீட்டுக்குப் போய், உண்மைதானா என்று அவரிடம் கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, காது அடைத்துப்போனதுதான் என்று அன்றும் அதையே சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற வழக்கம் இல்லை. அன்று நான் சொன்னேன். மாமா கூச்சப்பட்டு என் கையைத் தட்டிவிட்டார்.

அந்த மாடிக் கடையில் மாமா கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஊது, விடாமல் ஊது என்று சொல்லச் சொல்ல, எனக்கு இருந்ததெல்லாம் ஒரே கவலைதான். ட்ரம்பெட்டில் ஏதாவது குறை கண்டுவிடப் போகிறாரே என்று பயந்து, அவர் காதில் அது நல்லபடியாக விழ வேண்டும் என்று அதை அவர் பக்கம் திருப்பித் திருப்பிப் பிடித்தேன். ஒவ்வொரு முறையும் மாமா அதைக் கையால் மெல்ல விலக்கிவிட்டு, என் முதுகுப் பக்கம் குனிந்தார்.